ஒருத்திக்கு முட்டு, மற்றவளுக்குச் சீனி: ஜனவரியில நோர்வே போகலாமா?

கேள்வி: டொக்டர், நான் வெள்ளவத்தையில இருக்கிறன், வயசு 38, பாங்க்ல வேலை. நானும் என்ட பள்ளிக்கூடச் சிநேகிதியும் வாற ஜனவரி கடைசியில நோர்வே போகப் பிளான் பண்றம், ட்ரொம்சோ எண்ட இடம், ஒன்பது நாள். வானத்தில வாற அந்தப் பச்சை வெளிச்சம் பார்க்கோணும், நாய் வண்டியில போகோணும் எண்டு ஆசை. ரெண்டு பேரும் ஸ்னோவைக் கண்ணால கண்டதில்ல. எனக்குச் சின்ன வயசில இருந்து முட்டு, இப்ப பெரிசா இல்ல, கிழமையில மூண்டு நாலு இரவு நீல இன்ஹேலர் அடிப்பன், மண்ணிறம் முட்டு கூடினா மட்டும்தான். சிநேகிதிக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுறவள், ஆனா அதைப் பற்றிக் கதைக்க விரும்ப மாட்டாள். அம்மா சொல்றா அந்தக் குளிரில மூச்சு நிண்டுடும் எண்டு, ஒஸ்லோவில இருக்கிற சித்தி சொல்றா நல்ல ஜக்கெட் ஒண்டு வாங்கினாக் காணும் எண்டு. போகலாமா? என்ன குளிசை கொண்டு போறது?
வாசகி, கொழும்பு 6

பதில்:

தங்கச்சி, நேரா பதிலைச் சொல்லிடுறன், போகலாம். முட்டு இருக்கிற ஆளும் போகலாம், இன்சுலின் போடுற ஆளும் போகலாம். இந்த ரெண்டு வருத்தத்தோடயும் அந்தக் குளிருக்குள்ளயே பிறந்து வளர்ந்து வேலைக்குப் போய் வாற சனம் எவ்வளவோ இருக்கு, எங்கட ஆக்களே எண்பதுகள்ல தொண்ணூறுகள்ல வடக்கு நோர்வேயில மீன் தொழிற்சாலைகள்ல நிண்டு வேலை செய்து ஊரில குடும்பம் பார்த்தவை. ஆனா உங்கட கடிதத்தில இருக்கிற நிலைமையிலயே போறதெண்டா நான் ஓம் சொல்ல மாட்டன். ரெண்டு விஷயம் மாறோணும். ஒண்டு உங்கட முட்டு. மற்றது, உங்கட முட்டைப் பற்றி இவ்வளவு எழுதின நீங்கள் சிநேகிதியின்ட சீனியைப் பற்றி எழுதினது ஒரே ஒரு வரி, அதிலயும் பாதி "கதைக்க விரும்ப மாட்டாள்" எண்டது. எனக்கு ட்ரொம்சோ குளிரை விட அந்த அரை வரிதான் கூடப் பயம்.

முதல்ல உங்கட விஷயம். "இப்ப பெரிசா இல்ல" எண்டு எழுதிப்போட்டு அடுத்த வரியிலேயே கிழமைக்கு மூண்டு நாலு இரவு நீலம் அடிக்கிறன் எண்டு எழுதியிருக்கிறீங்கள். கிழமையில ரெண்டு தரத்துக்கு மேல நீல இன்ஹேலர் தேவைப்படுதெண்டாலே, இரவில முட்டில எழும்புறீங்கள் எண்டாலே, உங்கட முட்டு கட்டுப்பாட்டில இல்ல எண்டுதான் நாங்கள் எடுக்கிறது. நீலம் மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசையைக் கொஞ்ச நேரத்துக்குத் தளர்த்தி விடும், அவ்வளவுதான், உள்ளுக்க இருக்கிற வீக்கத்தை அது தொடவே தொடாது. வீக்கத்தை இறக்கிறது மண்ணிறம், அதை ஒவ்வொரு நாளும் அடிச்சாத்தான் வேலை செய்யும், முட்டு வந்த அண்டைக்கு மட்டும் அடிச்சு ஒரு பிரயோசனமும் இல்ல. இது கொழும்பில கனபேர் செய்யிற விஷயம், சுகமா இருக்கிற நேரம் மருந்தை நிப்பாட்டிறது, உடம்புக்கு நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்யினம், அதனால உங்களில எனக்குக் கோவமில்ல. ஆனா வீங்கின மூச்சுக்குழாயோட மைனஸ் டிகிரி காத்தை இழுத்தா அது உடன சுருங்கும். குளிர் மட்டும் காரணமில்ல, குளிர் காத்தில ஈரமே இருக்காது, அந்த வறண்ட காத்தை நனைச்சுச் சூடாக்கிறதுக்கு மூச்சுக்குழாய் தன்ட ஈரத்தைக் குடுக்கோணும், அப்பதான் அது எரிச்சல் பட்டு இறுகிறது. அம்மா சொல்றதில அந்தளவு உண்மை இருக்கு. மூச்சு நிண்டுடும் எண்டதுக்கு முதல் செய்ய எவ்வளவோ இருக்கு எண்டதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

அதனால இண்டைக்கே உங்கட முட்டு டொக்டரட்டப் போங்கோ, பயணத்துக்கு முதல் கிழமை போய்ப் பிரயோசனமில்ல. மண்ணிறம் ஒழுங்கா எடுத்து முழுசாக் கட்டுப்பட ரெண்டு மூண்டு மாசம் பிடிக்கும். இன்ஹேலர் அடிக்கிற முறையையும் அவருக்கு முன்னால ஒருக்கா செய்து காட்டுங்கோ, ஸ்பேசர், அதான் இன்ஹேலரில பொருத்திற பிளாஸ்டிக் குழாய், அது இல்லாம அடிச்சு மருந்து முழுக்க நாக்கில ஒட்டிக் கொண்டிருக்கிற ஆக்களைத்தான் நான் கூடக் காணுறன். ட்ரொம்சோவில வெளியில இறங்கிறதுக்கு ஒரு 15 நிமிஷத்துக்கு முதல் நீலம் அடிக்கலாமா எண்டும் கேளுங்கோ, கனபேருக்கு அது நல்லா உதவும். வெளியில நிக்கேக்க மூக்கால மூச்சு எடுங்கோ, மூக்கையும் வாயையும் மூடி ஒரு மெல்லிய கம்பளி ஸ்காஃப், அது மூச்சில நனைஞ்சிடும், அதனால மாத்த இன்னொண்டு. இன்ஹேலர் வெளி ஜக்கெட் பொக்கெட்டில இருக்கக் கூடாது, ஹான்ட்பேக்கிலயும் கூடாது, உடம்போட ஒட்டின உள் பொக்கெட்டில இருக்கோணும். குளிர்ந்து போன கேனில அமுக்கம் குறைஞ்சு மருந்து வடிவா வராது, உங்களுக்கு அது தேவைப்படுற நேரம் பார்த்துத்தான் வராம இருக்கும்.

நாய் வண்டி ஆசை எனக்கு விளங்குது. நாய் மயிர் உங்களுக்கு முட்டைக் கிளப்புமா எண்டு நீங்கள் எழுதேல்ல. நாய் இருக்கிற வீட்டுக்குப் போய் வந்தா தும்மல், கண் கடி, நெஞ்சு இறுக்கம் ஏதும் வாறதா எண்டு இப்பவே கவனிச்சு வையுங்கோ. வண்டியில போறது வெளிக்காத்தில, அது அநேகமாப் பரவாயில்ல, ஆனா அங்க குட்டிகளைத் தூக்கிக் கொஞ்ச விடுவினம், பிறகு சூடேத்தின கூடாரத்துக்குள்ள எல்லாரும் நாய் மயிர் பிடிச்ச உடுப்போட நெருங்கி இருந்து சூப் குடிப்பினம், முட்டு கிளம்பிறதெண்டா அந்த இடத்திலதான் கிளம்பும்.

இப்ப குளிரைப் பற்றி. ட்ரொம்சோ எண்ட பேரைக் கேட்டவுடன எல்லாரும் மைனஸ் 40 எண்டு நினைக்கினம், அது பிழை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கால 300 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்தாலும் அது ஒரு தீவு, கரையோட வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஓடுது, அதால ஜனவரிச் சராசரி மைனஸ் 4 டிகிரிக்குக் கிட்டத்தான் நிக்கும். சித்தி சொல்றது அந்த மட்டில சரி. ஆனா சித்தி ஒரு விஷயத்தை விட்டிட்டா. டவுனுக்கு மேல முகில் மூடினா பச்சை வெளிச்சம் தெரியாது, அப்ப டூர் பஸ் உங்களை ஏத்திக் கொண்டு உள் நாட்டுப் பக்கம், சில நாள் ஃபின்லாந்து எல்லை வரைக்கும் ஓடும், ஏனெண்டா கடலை விட்டுத் தள்ளிப் போகப் போகத்தான் வானம் தெளியும், வானம் தெளிஞ்ச இடத்தில குளிரும் கூட. டவுனில மைனஸ் 4 இருக்கிற அதே இரவு அங்க மைனஸ் 20, 25 இருக்கலாம். அந்தப் பக்கத்துக் கராஷொக் எண்ட ஊரிலதான் 1886 ஜனவரி 1ஆம் திகதி மைனஸ் 51.4 பதிவானது, நோர்வேயின்ட ரெக்கோட் இண்டைக்கும் அதுதான். உங்களுக்கு அப்பிடி வராது, ஆனா எந்தப் பக்கம் போறீங்கள் எண்டு தெரிஞ்சிருக்கோணும். காத்து அடிச்சா இன்னும் மோசம், மைனஸ் 10இல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து வீசினா முகத்துத் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி.

இன்னொரு விஷயம், பச்சை வெளிச்சம் பார்க்கிறதெண்டா நடக்கிறதில்ல, நிக்கிறது. பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு ஏறினா விடியப்புறம் ஒரு மணி ரெண்டு மணிக்குத்தான் திரும்புவீங்கள், இடையில மணிக்கணக்கா ஸ்னோவில ஒரே இடத்தில நிண்டு மேல பார்த்துக் கொண்டிருக்கோணும். நடக்கேக்க உடம்பு தானாச் சூடு உண்டாக்கும், நிக்கேக்க உண்டாக்காது, அதால பகல் டவுனில சுத்தேக்க காணுமா இருந்த உடுப்பு இரவில காணாது. அநேகமான டூர்க்காரர் மொத்தமான ஓவரோலும் சப்பாத்தும் இரவலாத் தருவினம், வெட்கப்படாம வாங்கிப் போடுங்கோ, படத்துக்கு வடிவில்ல எண்டு விட்டிடாதீங்கோ.

உடுப்பில நான் பிடிவாதமாச் சொல்றது ஒண்டுதான், உடம்போட ஒட்டிப் போடுறது பருத்தியா இருக்கக் கூடாது. எங்கட ஊரில பருத்திதான் நல்லது, அங்க அது எதிரி, வியர்வையைக் குடிச்சு வைச்சுக் கொண்டு காயாது, பஸ்ஸுக்கு ஓடிப்போய் வியர்த்திட்டுப் பிறகு வெளியில நிண்டீங்கள் எண்டா ஈரத் துணியைச் சுத்திக் கொண்டு பிரிட்ஜுக்குள்ள நிக்கிற மாதிரித்தான். அடியில மெரினோ கம்பளி இல்லாட்டி பொலியெஸ்டர் தெர்மல், நடுவில ஃப்ளீஸ் இல்லாட்டி கம்பளிச் சுவெட்டர், மேல காத்துப் புகாத ஜக்கெட். எல்லாம் கொஞ்சம் தளர்வா இருக்கோணும், ஏனெண்டா சூட்டைப் பிடிச்சு வைக்கிறது துணிகளுக்கு இடையில இருக்கிற காத்துத்தான். கால் குளிரும் எண்டு இறுக்கமான சப்பாத்துக்குள்ள ரெண்டு மூண்டு சொக்ஸ் திணிச்சா ரத்த ஓட்டம் நிண்டு இன்னும் கூடக் குளிரும், சப்பாத்தை ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ. கைக்கு விரல் விரலாப் பிரிஞ்ச கிளவுஸை விட நாலு விரலும் சேர்ந்திருக்கிற மிட்டன் சூடு, உள்ளுக்க மெல்லிய கிளவுஸ் ஒண்டு போட்டா படம் எடுக்கேக்க வெறும் கையா நிக்கத் தேவையில்ல. எங்கட கார்மென்ட் ஃபெக்டரிகள் ஐரோப்பாவுக்குத் தைக்கிற குளிர் உடுப்பில மிஞ்சினது கொழும்புக் கடைகள்ல நல்ல விலைக்குக் கிடைக்கும், தேடிப் பாருங்கோ, லேபிளில கொட்டன் எண்டு இருந்தா வைச்சிட்டு வாங்கோ.

இனி சிநேகிதியின்ட விஷயத்துக்கு வாறன். இந்தப் பகுதியை நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருந்து வாசிச்சீங்கள் எண்டா எனக்குச் சந்தோஷம்.

இன்சுலின் போடுற ஆளுக்குச் சீனி இறங்கினா என்ன நடக்கும்? நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கதை குழறும், கேட்டதுக்குப் பதில் சொல்லாம சும்மா பார்த்துக் கொண்டு நிப்பினம், இல்லாட்டி காரணமில்லாமக் கோவம் வரும். இப்ப அதே ஆளை மைனஸ் 20இல, இருட்டில, மூக்கு வரைக்கும் துணி சுத்தி நிப்பாட்டுங்கோ. நடுங்கிறாள், குளிர் எண்டு நினைப்பீங்கள். கதைக்கிறாளில்ல, களைப்பெண்டு நினைப்பீங்கள். வியர்வை உடுப்புக்குள்ள, அது தெரியாது. நடுங்கிறதுக்கும் உடம்பு சீனியைத்தான் எரிக்கும், அதால அங்க சீனி இறங்கிறதும் லேசு. அவளுக்கே அது விளங்காமப் போகலாம், ஏனெண்டா சீனி இறங்கேக்க முதல்ல குழம்பிறது மூளைதான். கூட நிக்கிற ஆள்தான் பிடிக்கோணும். கூட நிக்கிற ஆளுக்கு எதுவும் தெரியாதெண்டா பிடிக்க ஆளே இல்ல.

அவள் ஏன் கதைக்க விரும்பேல்ல எண்டு எனக்கு ஓரளவு தெரியும். எங்கட சமூகத்தில இளம் பொம்பிளை ஒருத்தி ஊசி போடுறாள் எண்டா சனம் பார்க்கிற பார்வை, கலியாண வீட்டில இலைக்கு முன்னால இருந்து "இது சாப்பிடலாமோ, அது சாப்பிடலாமோ" எண்டு கேக்கிற கேள்விகள், அதுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் வாயை மூடினவளா இருப்பாள். அதுக்கு மருந்து உங்களிட்ட இருக்கு. நீங்கள் முதல்ல உங்கட முட்டைப் பற்றிச் சொல்லுங்கோ, இரவில எழும்பிறது, நீலம் எந்தப் பொக்கெட்டில இருக்கும், வசனம் முடிக்க ஏலாம மூச்சு வாங்கினா என்ன செய்யோணும், எல்லாத்தையும் அவளுக்குச் சொல்லிக் குடுங்கோ, இன்ஹேலரை அவளின்ட கையில குடுத்து ஸ்பேசரில பொருத்தச் சொல்லுங்கோ. பிறகு கேளுங்கோ, "உனக்குச் சீனி இறங்கினா நான் என்னடி செய்யோணும்?" அறிவுரை சொல்லாதீங்கோ, எவ்வளவு இருக்கு, ஏன் கூடினது எண்டு விசாரிக்காதீங்கோ, இந்த ஒரு கேள்வி காணும். அதுக்கு அவள் பதில் சொல்லத் தயாரில்லை எண்டா டிக்கெட் போடாதீங்கோ, ரெண்டு கிழமை விட்டுத் திரும்பக் கேளுங்கோ.

அவள் சொல்லப் போற பதில் அநேகமா இப்பிடித்தான் இருக்கும், ஆனாலும் நீங்களும் தெரிஞ்சிருங்கோ. சீனி 70க்குக் கீழ போனா உடன 15 கிராம் குளுக்கோஸ், அதாவது குளுக்கோஸ் வில்லைகளோ மூண்டு தேக்கரண்டி சீனி கரைச்ச தண்ணியோ, 15 நிமிஷத்தில திரும்பப் பார்க்கிறது, ஏறேல்ல எண்டா திரும்ப அதே அளவு, ஏறினதுக்குப் பிறகு பாண், பிஸ்கட் ஏதாவது. ஜூஸ் பக்கெட் அங்க வெளியில கட்டியாகிடும், சொக்லேட் கல்லு மாதிரி இறுகும், அதில இருக்கிற கொழுப்பால சீனியும் மெல்லத்தான் ஏறும், அதால குளுக்கோஸ் வில்லைகள்தான் நல்லது, அவளின்ட பொக்கெட்டில கொஞ்சம், உங்கட பொக்கெட்டில கொஞ்சம். மெஷினில பார்க்க ஏலாத இடமெண்டால், சந்தேகம் வந்தவுடன குடுங்கோ, குளிரில நடுங்கின ஆளுக்குக் குளுக்கோஸ் குடுத்ததால ஒரு கேடும் வராது. மயங்கிட்டாள் எண்டா வாயில எதையும் ஊத்தாதீங்கோ, பக்கவாட்டில சரிச்சுப் படுக்க வைச்சிட்டு 113க்கு அடியுங்கோ, நோர்வேயில அம்புலன்ஸ் நம்பர் அதுதான். அவசரமில்லாத, ஆனா டொக்டர் பார்க்க வேண்டிய விஷயத்துக்கு 116117. வட நோர்வேயின்ட பெரிய பல்கலைக்கழக ஹொஸ்பிட்டல் ட்ரொம்சோவிலயே இருக்கு எண்டதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கோ. அங்க டொக்டர்மார் சீனியை வேற அளவில சொல்லுவினம், எங்கட 70 அவைக்கு 3.9, எங்கட 180 அவைக்கு 10, எங்கட கணக்கை 18ஆல பிரிச்சா வரும். "உங்கட சீனி 12" எண்டு சொன்னா குறைவெண்டு நினைச்சிடாதீங்கோ, அது 216.

மெஷினைப் பற்றி ஒண்டு சொல்லோணும். சீனி பார்க்கிற அநேகமான மெஷினுகள் 10 டிகிரிக்குக் கீழ வேலை செய்யாது, எரர் எண்டு காட்டும். விரலும் விறைச்சிருக்கும், குத்தினா ரத்தம் வராது, திரும்பக் குத்துவாள், ஒரு சின்னப் புள்ளி மட்டும் வரும், அதைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தா கணக்குப் பிழைக்கலாம். அதால பஸ்ஸுக்குள்ள ஏறி, கையைக் கக்கத்துக்குள்ள அஞ்சு நிமிஷம் வைச்சுச் சூடாக்கி, கையைத் தொங்கப் போட்டு, விரலின்ட பக்கத்தில குத்தோணும். மெஷின், ஸ்ட்ரிப், இன்சுலின் பென் எல்லாம் உடம்போட ஒட்டின பையில. இன்சுலின் ஒருக்கா உறைஞ்சா சரி, திரும்ப உருகிப் பார்க்க அதே மாதிரித் தெளிவா இருந்தாலும் நம்பேலாது, எறிய வேண்டியதுதான். பிளேனில லக்கேஜில போடவே கூடாது, கைப்பையில மட்டும். ஹோட்டல் ஜன்னல் ஓரத்தில வைக்கிறதும் ஆபத்து, ஹீட்டருக்கு மேல வைக்கிறதும் ஆபத்து.

இரவு டூரில சாப்பாடு எப்ப வருமெண்டு சொல்லேலாது, எட்டுக்கும் வரலாம், பத்தரைக்கும் வரலாம், ஆகவே சாப்பாட்டு ஊசி சாப்பாடு கையில வந்த பிறகுதான். எங்களுக்கும் அங்கயும் நாலரை மணித்தியாலம் வித்தியாசம், போற அண்டைக்கு நாள் நீண்டிடும், வாற அண்டைக்குச் சுருங்கும், நாளுக்கு ஒருக்காப் போடுற நீண்ட நேர இன்சுலினை எந்த மணிக்கு மாத்திறதெண்டு அவளின்ட டொக்டர்தான் நாள் பார்த்து எழுதித் தரோணும், நான் இங்க இருந்து சொல்ல ஏலாது. திமிங்கிலம் பார்க்கிற போட் டூரும் விப்பினம், ஜனவரி கடைசியில அந்த சீசன் முடியிற நேரம், கடலும் கொந்தளிக்கும். சாப்பாட்டு ஊசி போட்டுச் சாப்பிட்டிட்டு அதைச் சத்தி எடுத்தா சீனி இறங்கும், கடல் ஒத்து வராத ஆளெண்டா அதை விட்டிடுங்கோ. குளிருக்கெண்டு மதுவும் வேண்டாம், தோலுக்கு ரத்தத்தைத் திறந்து விடுறதால சூடு மாதிரித் தெரியும், உண்மையில உடம்பு சூட்டை இழக்கும், இன்சுலின் போடுற ஆளுக்குப் பிறகு சீனியும் இறங்கும்.

அவளின்ட காலைப் பற்றியும் கேளுங்கோ. சீனி கன வருஷமா இருந்தா கால் உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், அதுவும் அவளுக்கே தெரியாம இருக்கலாம், பயணத்துக்கு முதல் கிளினிக்கில ஒருக்கா வடிவாப் பார்க்கச் சொல்லுங்கோ. உணர்ச்சி குறைஞ்ச கால் உறைஞ்சாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சப்பாத்துக்குள்ள வைக்கிற சூட்டுப் பக்கெட் விப்பினம், வெளிநாட்டில அதை வைச்சுக் குதிக்காலில கொப்புளம் போட்டதே தெரியாம இங்க வந்து இறங்கின நோயாளியைப் பார்த்திருக்கிறன், அந்தப் புண் மாறப் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. அவளுக்குச் சூட்டுப் பக்கெட் வேண்டாம். ஒவ்வொரு இரவும் ரூமுக்கு வந்து காலை வெளிச்சத்தில பாருங்கோ, அடிப்பாதம், விரல் இடுக்கு எல்லாம், அவளுக்குக் குனிஞ்சு தன்ட குதிக்காலைப் பார்க்கக் கஷ்டமெண்டா நீங்கள் பாருங்கோ.

அதே மாதிரி முகம். தன்ட மூக்கு நுனியையும் கன்னத்தையும் காதையும் தானே பார்க்கேலாது, அதுகள்தான் முதல்ல உறையும். வெளியில நிக்கேக்க ஒரு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் முகத்துக்கு முகம் பாருங்கோ, டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. எங்கட நிறத்தில வெள்ளைத் திட்டு உடன தெரியாது, ஒரு சதக் காசளவில சாம்பல் பூசின மாதிரி ஒரு இடம் மங்கி நிக்கும், கேட்டா "முதல் எரிஞ்சது, இப்ப ஒண்டுமில்ல" எண்டு சொல்லுவாள். எரிவு நிண்டது நல்ல குணம் இல்ல, விறைச்சிட்டுது. உடன பஸ்ஸுக்குள்ள போய் வெறும் உள்ளங்கையை அதில பொத்தி வையுங்கோ, தேய்க்காதீங்கோ, ஸ்னோவால தேய்க்கிறது எண்ட பழைய கதையைக் கேட்டிடாதீங்கோ. கொஞ்ச நேரத்தில சிவந்து நொந்தா நல்லது. விரலோ காலோ மெழுகு மாதிரி இறுகி உணர்ச்சியே இல்லாம இருந்தா அது வேற விஷயம், நேரா ஹொஸ்பிட்டல். உடன போக ஏலாதெண்டா, திரும்ப உறையாத இடத்துக்கு வந்த பிறகு 37இல இருந்து 39 டிகிரித் தண்ணிக்குள்ள வைக்கிறது, தண்ணிச் சூட்டை உறைஞ்ச கையால பார்க்கக் கூடாது, மற்ற ஆள் முழங்கையால பார்க்கோணும்.

குளிரை விடக் கூடப் பேரை ஹொஸ்பிட்டலுக்கு அனுப்பிறது ரோட்டில வழுக்கி விழுறது. ட்ரொம்சோவில ஸ்னோ உருகித் திரும்ப உறைஞ்சு ரோட்டெல்லாம் கண்ணாடியாகிடும். சப்பாத்துக்கு அடியில மாட்டுற ஆணிப் பட்டி ஒண்டு இருக்கு, அங்க புரொடர் எண்டு சொல்லுவினம், போன முதல் நாளே வாங்குங்கோ. கையைப் பொக்கெட்டில வைச்சு நடக்காதீங்கோ, அடியைச் சின்னதா முழுப் பாதமும் பதிய வையுங்கோ, வளைவில அவசரப்படாதீங்கோ. கடைக்குள்ள போகேக்க ஆணிப் பட்டியைக் கழட்டோணும், டைல்ஸில அது இன்னும் வழுக்கும்.

இதெல்லாத்தையும் ட்ரொம்சோவில வைச்சுப் பழக வேண்டாம், எங்கட நாட்டிலயே பழக இடமிருக்கு. டிசம்பரிலயோ பொங்கல் லீவிலயோ ரெண்டு பேரும் ஒரு இரவு நுவரெலியா போங்கோ. ஜனவரியில அங்க விடியப்புறம் 10 டிகிரிக்குக் கீழ இறங்கும், சில நாள் புல்லில உறைபனியும் விழும். தெர்மல், ஜக்கெட், மிட்டன் எல்லாம் போட்டுக் கொண்டு விடிய நாலு மணிக்கு வெளியில ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில நில்லுங்கோ. உங்கட நெஞ்சு இறுகுதா? அவளின்ட மெஷின் எரர் காட்டுதா? அவள் உங்களுக்கு முன்னால சீனி பார்த்து ஊசி போடுறாளா? நோர்வேயில நடக்கப் போறது முக்கால்வாசியும் அந்த ஒரு மணித்தியாலத்தில தெரிய வரும், தெரிய வந்தா திருத்தவும் நேரம் இருக்கு.

கடைசியா, குளிசை கேட்டீங்கள். புதுசா ஒரு குளிசையும் வேண்டாம், உங்கட மருந்துகளே இரட்டிப்பாக் காணும். ஒன்பது நாளுக்குப் பதினெட்டு நாள் மருந்து எடுத்து, உங்கடதில பாதி அவளின்ட கைப்பையில, அவளின்டதில பாதி உங்கட கைப்பையில, ஒரு பை துலைஞ்சாலும் மற்றது இருக்கும். மருந்தின்ட உண்மைப் பேர், அளவு எல்லாம் போட்ட இங்கிலீஷ் கடிதம் ஆளுக்கொண்டு, மருந்து கடைப் பெட்டியோடயே இருக்கோணும். தடிமன் ஊசி, அதான் ஃப்ளூ வக்சீன், ரெண்டு பேரும் போடோணும், போறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதலாவது போட்டிருக்கோணும், உங்கட முட்டுக்கும் அவளின்ட சீனிக்கும் குளிரை விடப் பெரிய ஆபத்து பிளேனில பிடிச்சு வாற காய்ச்சல். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம் எண்டு உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பினம், ஆனா விசாவுக்குக் காணுமான மலிவான பொலிசியில "ஏற்கெனவே இருக்கிற வருத்தம்" கழிச்சு விட்டிருக்கும், முட்டுக்கும் சீனிக்கும் ஒரு சதமும் வராது. வருத்தத்தை மறைக்காம எழுதி, அதையும் சேர்த்து எடுக்கிற பொலிசிதான் வேணும், காசு கொஞ்சம் கூட, பரவாயில்ல.

ஜனவரி 21 முடிய வாற மாதிரித் திகதி எடுங்கோ. நவம்பர் கடைசியில இருந்து அங்க சூரியன் எழும்பாது, மலைக்கு மேலால திரும்ப எட்டிப் பார்க்கிறது அந்த 21ஆம் திகதிதான், ஊரே அதைக் கொண்டாடி இனிப்பு பண் வாங்கிச் சாப்பிடும். பகலில கொஞ்சம் வெளிச்சம் இருந்தாத்தான் வழுக்கிற ரோட்டும் தெரியும், சிநேகிதியின்ட முகமும் தெரியும். அந்த பண்ணுக்கு எவ்வளவு ஊசி போடோணும் எண்டு அவளுக்குத் தெரியும், நீங்கள் "இது சாப்பிடலாமோ" எண்டு கேக்க வேண்டாம்.